ஒட்டுப் போட்டதெல்லாம் வைப்பருக்கு

மூன்றாவது பேலின் கம்பியை அறுத்ததும் துணி பொதபொதவென்று அவள் காலில் சரிந்தது. நாகவள்ளி முட்டி போட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். கண் அதில் இல்லை. நாலு மணி லாரி வந்துவிடுமோ என்று கண் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேடியது கைதான். பனியன் துணி, பனியன் துணி, துண்டு, ஜீன்ஸ், மறுபடியும் பனியன்.

"யக்கா, கட்டுன மூட்டைய அவுத்துப் போட்டா யாரு திருப்பிக் கட்டுறது?" என்றான் சோலைமுத்து. வெட்டு மிஷின் அவன் பொறுப்பு. உசிலம்பட்டிக்காரன்.

"நான் கட்டுறேன்."

"நீங்க கட்டுவீங்க. மூட்டையோட மூட்டையா உங்களையும் வச்சு அமுக்கிக் கப்பல்ல ஏத்தி விட்ருவேன்."

"வெள்ளத் துணி. சின்னச் சின்னதா நீலப் பூ. போன வாரம் போட்டது. நீதானே வெட்டின?"

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் துணி வெட்டுறேன். பூவப் பாத்துக்கிட்டு இருந்தா என் வெரலு இந்நேரம் எந்தக் கராஜில கிரீஸ் தொடைக்குதோ."

அவள் நாலாவது பேலுக்குப் போனாள்.

அஜ்மான் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கிறது அந்தக் கிடங்கு. அமெரிக்காவில் ஜனங்கள் உடுத்திக் கழித்த துணி கன்டெய்னரில் வந்து இங்கே இறங்கும். பதினெட்டு மேஜை, முப்பது பெண்கள். நல்லது ஏ, சுமார் பி, இரண்டும் ஆப்பிரிக்காவுக்கு. ஓட்டை, கறை, ஒட்டு இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வைப்பர். வைப்பர் என்றால் துடைக்கிற துணி. பட்டனையும் ஜிப்பையும் நறுக்கி எறிந்துவிட்டு, கை வேறு உடம்பு வேறாக வெட்டி, இருபத்தைந்து கிலோ பேலாக அழுத்தி, கப்பல் பட்டறைக்கும் தோஹா தொழிற்பேட்டையின் கராஜ்களுக்கும் அனுப்புவார்கள். முதலாளி செய்கு அலாவுதீன் கீழக்கரைக்காரர். தேராவில் கட்பீஸ் கடையில் தொடங்கியவர்.

நாகவள்ளிக்கு நாற்பத்தேழு வயது. விருத்தாசலத்துப் பக்கம் ஊர். பத்தொன்பது வயதில் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்தாள். மேஜையில் விரித்த துணியில் தப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கிற வேலை. புருஷன் என்று ஒருவன் திருப்பூரில் இருந்தான். அதற்குமேல் அவனைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. அங்கிருந்து ஷார்ஜாவுக்கு ஒரு வீட்டு வேலைக்கு வந்தாள், எட்டு மாதம். பிறகு ஒரு லாண்டரி, ஒரு வருடம். பிறகு இங்கே. பதினொரு வருடம் ஒரே இடத்தில் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். ஒரு மேஜையில் நிற்கமாட்டாள் என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். காலையில் ஏழாவது மேஜை, தேநீருக்குப் பிறகு கன்டெய்னர் வாசல், மதியம் பேல் அழுத்துகிற பிரஸ் பக்கம். சூபர்வைசர்கள் முதலில் திட்டிப் பார்த்தார்கள். அவள் போகிற மேஜையில் எல்லாம் வேலை சீக்கிரம் முடிந்தது. விட்டுவிட்டார்கள். லீவு நாளில் பஸ் ஏறி எங்காவது போவாள். பர் துபாயில் இறங்கி மீனா பஜாரைச் சுற்றுவாள், ஒன்றும் வாங்கமாட்டாள், அப்ரா படகில் ஏறி தேராவுக்குப் போய் அதே அப்ராவில் திரும்புவாள்.

பழைய துணியை அவளாகவே கற்றுக்கொண்டாள். வந்த புதிதில் ஒரு பெய்ரூட்காரர் மாதாமாதம் வந்து சில உருப்படிகளை மட்டும் தனியாக எடுத்துப் போவார். எதைப் பார்த்து எடுக்கிறார் என்று எதிரே நின்று பார்த்தாள். துவைக்கும் முறை அச்சிட்ட சீட்டு உள்ளே இல்லையென்றால் பழசு. கழுத்துக்குப் பின்னால் தையல்காரர் சங்கத்து முத்திரைத் துணி இருந்தால் பழசு. ஜிப் உலோகமாக, இடது விலாவில் இருந்தால் ரொம்பப் பழசு. மற்றதைக் கை சொல்லிக்கொடுத்தது. ஒரு காலத்துப் பாவாடைகள் ஒடுக்கமாக, குட்டையாக, மடிப்பே இல்லாமல், துணிக்குப் பஞ்சம் வந்ததுபோல் இருந்தன. அடுத்தவை திடீரென்று குடை விரித்ததுபோல் விரிந்தன, ஒரு பாவாடையில் ஒன்பது கஜம். அதற்கடுத்தவை கையில் நிற்காமல் வழுக்கின. அவளாகவே பேர் வைத்துக்கொண்டாள்: இறுக்கு, விரிப்பு, வழுக்கு. ஆயிரம் கிலோவில் ஒன்று அகப்பட்டால் அதிகம். எடுத்து ஒரு ஸ்டாண்டில் மாட்டிவைப்பாள்.

அந்த ஸ்டாண்டைப் பார்க்கத்தான் சனிக்கிழமை சம்யுக்தா வந்தாள்.

சம்யுக்தா ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள், முப்பதுக்குள் இருக்கும். துபாயில் ஒரு கலைக்கூடத்தில் வேலை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகு இருபது வருடமும் அமெரிக்காவில் ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று ஒரு கண்காட்சி போடப்போகிறார்கள். ஓவியங்கள் கடனாக வருகின்றன, போஸ்டர்கள் வந்துவிட்டன, அடுப்பு, ஃபிரிட்ஜ், ரேடியோ எல்லாம் வந்துவிட்டன. சாதாரண ஜனங்களின் துணி மட்டும் கிடைக்கவில்லை.

"அக்கா, நீங்க கண்ண மூடிட்டே எந்த டிகேட்னு சொல்லிருவீங்களாம். செய்கு அங்கிள் சொன்னாங்க."

"எந்த என்ன?"

"எந்த வருஷத்துத் துணின்னு."

"வருஷம்லாம் தெரியாதும்மா. பழசு, ரொம்பப் பழசு. நடுவுல ஒண்ணு இருக்கு. அவ்ளோதான்."

சம்யுக்தா போனில் படங்களைக் காட்டினாள். தலையில் துணி கட்டி, முழுக்கால் உடுப்பு போட்டு, விமான இறக்கையில் ஆணி அடிக்கிற பெண்கள். நாகவள்ளி அவர்களை நின்று பார்த்தாள். பிறகு ஒரு பெண் நாற்காலியில் ஏறி நிற்க, இன்னொருத்தி அவள் பின்னங்காலில் பென்சிலால் மேலிருந்து கீழே கோடு இழுக்கிற படம்.

"இது என்னாத்துக்கு?"

"அப்ப நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போயிடுச்சு அக்கா. ஸ்டாக்கிங்ஸ் கிடைக்கல. பின்னாடி தையல் தெரியணும்ல, அதான் வரைஞ்சுக்கிட்டாங்க."

"காலுல கோடு போட்டுக்கிட்டு டூட்டிக்குப் போனாளுங்களா?" நாகவள்ளி சிரித்துவிட்டாள். "மழ பேஞ்சா?"

இறுக்குக்கும் காரணம் கிடைத்தது. போருக்குத் துணி வேண்டும் என்று அரசாங்கமே பாவாடைக்கு அளவு போட்டிருந்ததாம், இவ்வளவு அகலத்துக்கு மேல் கூடாது என்று. தன் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று நாகவள்ளிக்கு உள்ளே ஒரு நிமிர்வு வந்தது.

அடுத்தது போருக்குப் பிந்திய ஓவியம். ஒரு சுவர் அளவு துணியில் கறுப்பும் மஞ்சளும் சிதறிக் கிடந்தது.

"இத வரைஞ்சதா?"

"தரையில விரிச்சுப் போட்டு மேலேருந்து ஊத்துறது. அந்தக் காலத்துல பெரிய விஷயம்."

"திருப்பூர்ல சாயப்பட்டறைத் தரை இப்படித்தான் கெடக்கும். சாயங்காலம் கழுவி வுட்ருவாங்க."

சம்யுக்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பழைய விளம்பரத்தைக் காட்டினாள். திறந்த ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். விரிப்புப் பாவாடை, உயர்ந்த குதிச் செருப்பு, உதட்டுச் சாயம். நாகவள்ளி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பாவாடையோட எப்படிக் குனிஞ்சு கூட்டுவா?"

"அதான் அக்கா என் கேள்வியும்." சம்யுக்தா ஸ்டாண்டின் பக்கம் திரும்பினாள். அதில் பதினொரு உடுப்பு தொங்கியது, ஒன்றில்கூட ஒரு தையல் விட்டிருக்கவில்லை. "இது எல்லாமே சூப்பரா இருக்கு. ஆனா எல்லாம் கல்யாணத்துக்கு, பார்ட்டிக்குப் போட்டது. நாலு தடவ போட்டு மடிச்சு வெச்சிருக்காங்க, அதான் நல்லா இருக்கு. டெய்லி போட்டது எங்க? துவைச்சு, கிழிஞ்சு, தெச்சு, மறுபடி போட்டது? பாட்ச் போட்டது?"

"அது ஒட்டு."

"ஆமா, ஒட்டு. அது எங்க போகும்?"

நாகவள்ளி ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் கையில் வந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நீலப் பூப் போட்ட மாவு மூட்டைத் துணியில் தைத்த உடுப்பு. உள்பக்கம் திருப்பினால் மில்லின் பெயர் தலைகீழாக, மங்கலாக, பாதி எழுத்து தெரிந்தது. முழங்கையில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஒட்டு. பையில் வேறொரு பூ. அதைக் கீழே போட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு வைப்பர் பெட்டியில் போட்டாள். அதற்கு முன்னால் எத்தனை போட்டிருப்பாள் என்று யோசிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்கு," என்றாள். "தேடணும்."

கிளம்பும்போது சம்யுக்தா சொன்னாள்: "எங்களுக்கு ஒரு ஆள் வேணும் அக்கா. துணியப் பாத்துச் சொல்ல. ஷோ முடிஞ்சாலும் கலெக்‌ஷன் இருக்கும். நான் டைரக்டர்கிட்ட உங்க பேரச் சொல்றேன். கையில காட்ட ஒண்ணு வேணும். புதன்கிழமை வரேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த மாதக் கடைசியோடு நாகவள்ளிக்கு விசா கேன்சல் என்பது அவளுக்குத் தெரியாது. செய்கு பாய் கிடங்கை ராஸ் அல் கைமாவுக்கு மாற்றுகிறார், பெல்ட் மிஷின் வருகிறது, நாற்பத்தைந்து தாண்டிய ஐந்து பேரை அனுப்புகிறார். ஊரில் அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணன் நல்லவன். "உழைச்சது போதும், வந்து உக்காந்து சாப்புடு" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வான். அந்த உட்காருவதை அவள் நினைத்துப் பார்த்தாள். கூடத்தில் ஒரு நாற்காலி, எதிரே டி.வி., அண்ணி கொண்டுவந்து வைக்கிற தட்டு. அதில் தான் எத்தனை நாள் தாங்குவோம் என்று கணக்குப் போட்டால் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை.

ஆக, திங்கட்கிழமை பேல்களை அறுத்துக்கொண்டிருந்தாள்.

செய்கு அலாவுதீன் சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து வந்தார். தரையில் கிடந்த குப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏம்மா நாகவள்ளி, என்னத்த தொலச்ச?"

"ஒரு உடுப்பு பாய். அந்தப் பொண்ணு கேட்டது. ஒட்டுப் போட்டது."

"ஒட்டுப் போட்டதயா கேக்குது?" அவர் சற்று நேரம் அதை மனதில் ஓட்டினார். "அப்ப இத்தன வருஷமா அது கேக்குறதயெல்லாம் நாம வெட்டி வெட்டி கிரீஸ் தொடைக்கக் குடுத்துருக்கோம்."

"நாந்தான் பாய் போட்டேன்."

"நான் போடச் சொன்னேன், நீ போட்ட. சரி, லாரி வர்றதுக்குள்ள தேடிக்க. வந்தப்புறம் மாஃபி, ஒண்ணும் கெடையாது."

ஏழாவது பேலில் முன்பக்கம் கிடைத்தது, வேறு பூப் போட்ட பையோடு. ஒன்பதாவதில் இடது கை, முழங்கையில் மூன்று ஒட்டு. பதினொன்றில் பாவாடையின் ஒரு பாகம், உள்பக்கம் எழுத்தோடு. பட்டன் பட்டை இல்லை, வலது கை இல்லை, முதுகு முழுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே நாற்பது பேல் தோஹாவுக்குப் போயிருந்தது. லாரி மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டது. சோலைமுத்து முணுமுணுத்துக்கொண்டே அவளோடு சேர்ந்து பேல்களைத் திரும்பக் கட்டினான். அவள் கடைசியாக ஒரு பழைய பருத்தித் துண்டைக் குவியலிலிருந்து உருவி எடுத்ததை அவன் பார்த்தான். வெள்ளையில் மண்நிறப் புள்ளி.

"இதுவும் அந்தச் சட்டையாக்கா?"

"இல்ல. சும்மா."

செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னாள். பதினொரு வருடத்தில் மூன்றாவது தடவை. தொழிலாளர் கேம்ப் அறையில் எட்டு கட்டில், எல்லாரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள். இஸ்திரி மேஜையில் மூன்று துண்டையும் பரப்பி, நின்றுகொண்டே வேலை செய்தாள்.

முதலில் நினைத்தது இவ்வளவுதான்: மூன்றையும் அதனதன் இடத்தில் லேசாகக் கோத்து, முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்று காட்டுவது. கோத்தாள். முதுகு இல்லாமல் அது நிற்கவில்லை. மண்நிறப் புள்ளித் துணியை முதுகுக்கு வைத்துப் பார்த்தாள். அதே காலத்துத் துணி, அதே அளவு துவைத்து நைந்தது. கைவிரலுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. வெள்ளை நூலில் ஒரு சாண் தைத்தாள், நூல் புதிதாகப் பளிச்சென்று இருந்தது. பிரித்தாள். பாவாடை விளிம்பின் பழைய நூலையே உருவி ஊசியில் கோத்தாள். அது அடிக்கடி அறுந்தது. அறுந்தால் என்ன, இன்னும் கொஞ்சம் உருவினாள்.

முழங்கை ஒட்டின் தையலைப் பார்த்துத்தான் அவளுக்கு அது புரிந்தது. தையல் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தைத்தவள் இடது கைக்காரி. நாகவள்ளி துணியைத் திருப்பி வைத்து, கோணலாக நின்று, தன் தையலும் அதே பக்கம் சாயும்படி தைத்துப் பார்த்தாள். பத்துத் தையல் பிசகியது. பதினோராவது சரியாக விழுந்தது. பிறகு கை தானாகப் போனது. பையின் கிழிந்த வாயில் ஒன்று, தோளில் ஒன்று, இடது கைக்கு ஜோடியாகப் புள்ளித் துணியில் வலது கை. அந்தப் பெண் மாவு தீர்ந்த மூட்டையை வெட்டி இதைத் தைத்தாள், முழங்கை போனதும் அகப்பட்டதை வைத்து மூடினாள். தானும் அகப்பட்டதை வைத்துத்தான் மூடுகிறோம், இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். இப்படி ஒரு தடவை சொன்னால் போதுமானதாக இருந்திருக்கவேண்டும். பிற்பகலுக்குள் ஐந்தாறு தடவை சொல்லிவிட்டாள். நடுவில் இரண்டு தடவை வெளியே போய் கேம்ப் சுவரோரமாக வெயிலில் நடந்துவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு உடுப்பு முழுசாக இருந்தது. அவள் எங்கே முடித்தாள், தான் எங்கே தொடங்கினோம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மனதுக்குத்தான் ஒவ்வொரு இடமும் தெரிந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு சம்யுக்தா கேமராவும் மெல்லிய வெள்ளைக் காகிதமுமாக வந்தாள். ஏழாவது மேஜையைத் துடைத்து அதில் உடுப்பை விரித்திருந்தார்கள். அவள் கையுறை போட்டுக்கொண்டாள். பாவாடையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"எழுத்து பாருங்க அக்கா, மாவு கம்பெனி பேரு." பிறகு குனிந்து, முகம் துணியில் படுகிற தூரத்தில், "இவங்க லெஃப்ட் ஹேண்ட். தையல் சாயுது பாருங்க. இங்க, இந்தத் தோள்கிட்ட. எவ்ளோ பொறுமை."

அவள் காட்டியது நாகவள்ளியின் தையல்.

"யாரா இருப்பாங்க? புருஷன் சண்டைக்குப் போயிருப்பான். இவங்க தனியா பண்ணையப் பாத்துக்கிட்டு... முதுகே வேற துணி. முழு முதுகையும் மாத்தியிருக்காங்க அக்கா. அவ்ளோ உழைச்சிருக்காங்க, முதுகு நைஞ்சு போற அளவுக்கு."

நாகவள்ளி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

"இதுதான் ஷோவோட நடுவுல வரும்," என்றாள் சம்யுக்தா, படம் எடுத்துக்கொண்டே. "இந்த முதுகப் பத்தியே செவத்துல எழுதப்போறேன். டைரக்டருக்கு இப்பவே அனுப்புறேன். பாத்தாங்கன்னா ஞாயித்துக்கிழமை உங்க விசா பேப்பர் ஆரம்பிச்சிரும். ஒரு நிமிஷம் அக்கா, உள்ள சிக்னல் இல்ல."

அவள் போனோடு வெளியே போனாள்.

நாகவள்ளி மேஜையைச் சுற்றி வந்தாள். மறுபடியும் சுற்றினாள். பக்கத்து மேஜைக்குப் போய் யாரோ பிரித்துவைத்த துணியைக் கலைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். திருப்பூர் செக்கிங்கில் தப்பு கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். தைத்தவன் யார், மேஸ்திரி யாருக்கு வேண்டியவன் என்று பார்க்கக்கூடாது. கண் பார்த்தால் கை ஒட்டிவிடவேண்டும். ஒட்டாமல் விட்ட உருப்படி பெட்டிக்குள் போய், கடல் தாண்டி, யாரோ ஒருத்தி அதை நம்பி உடுத்திக்கொள்வாள். பேல்களில் நம்பர் போடுகிற வெள்ளை டேப் பிரஸ் பக்கம் இருந்தது. எடுத்துவந்து பல்லால் கடித்து நகம் அளவுக்குக் கிழித்தாள். தோளில் முதல் துண்டை ஒட்டினாள். பிறகு பை வாய். பிறகு விலா.

சோலைமுத்து வெட்டுத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நின்றான்.

"என்னக்கா, பொண்ணுக்கு அலங்காரமா?" பிறகு புள்ளித் துணியைப் பார்த்தான். திங்கட்கிழமை பார்த்தது அவனுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "யக்கா. அந்தப் புள்ளைக்குப் புடிச்சுப்போச்சுல்ல. சும்மா இருங்களேன்."

"சும்மா இருக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா இந்த ஊருக்கு வரேன்."

"வெளையாடாதீக. இருவத்தெட்டுக்கு உங்களுக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டாரு பாய்."

"அந்த டேப்பக் கொஞ்சம் கிழிச்சுக் குடு."

அவன் தயங்கினான். பிறகு கிழித்துக் கொடுத்தான்.

சம்யுக்தா திரும்பி வந்தபோது உடுப்பு முழுக்க வெள்ளைப் புள்ளியாக இருந்தது. இருபத்து மூன்று இடம்.

"இதெல்லாம் என்ன அக்கா?"

"தப்பு. நான் தெச்சது. முதுகு முழுசும் நான் வெச்சது, வலது கையும். நேத்துதான் வெச்சேன். மூணு துண்டுதான்மா கெடச்சுது. மீதி தோஹா போயிடுச்சு."

சம்யுக்தா தோளிலிருந்த டேப்பைப் பார்த்தாள். "லெஃப்ட் ஹேண்ட்..."

"அது அவளோடது. முழங்கையப் பாரு. அதப் பாத்துத்தான் நானும் அப்படித் தெச்சேன்."

"ஏன் அக்கா?"

"ஒட்டுப் போட்டது வேணும்னு கேட்ட."

கிடங்கில் பிரஸ் மிஷின் இறங்கி ஏறியது. சம்யுக்தாவின் முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று நாகவள்ளிக்குத் தெரியவில்லை. தைத்தவளின் முதுகைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் அவளுக்கே இப்போது காதில் விழுந்திருக்கவேண்டும்.

"நான் போட்டோ அனுப்பிட்டேன். இப்பதான். டைரக்டர் வாவ்னு போட்டிருக்காங்க."

"அப்ப இதையும் எடுத்து அனுப்பு."

"உங்க வேலை அக்கா."

"தெரியும்மா. அனுப்பு."

சம்யுக்தா ஏணிப்படி ஒன்றில் ஏறி நின்று மேலிருந்து படம் எடுத்தாள், டேப்போடு. அனுப்பினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வரவில்லை.

"இப்படியே எடுத்துட்டுப் போக முடியாது அக்கா. எது அவங்களது, எது உங்களதுன்னு பிரிச்சாகணும்."

நாகவள்ளி பிளேடை எடுத்தாள். சம்யுக்தா கையுறையோடு துணியைப் பிடித்துக்கொள்ள, டேப் ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் தன் தையலை அறுத்துப் பிரித்தாள். நேற்று ஒரு நாள் தைத்தது அரை மணியில் கழன்றது. முழங்கை ஒட்டின் ஓரத்தில் ஒரு இடத்தில் பிளேடு நின்றது.

"இது யாரோடது அக்கா?"

"அவளோடது. விடு."

கடைசியில் மேஜையில் மூன்று துண்டும், ஒரு முதுகும், ஒரு கையும் கிடந்தன. செய்கு அலாவுதீன் மதிய லுஹர் தொழுகைக்குக் கிளம்பியவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வெட்டுனத ஒட்டி, ஒட்டுனத மறுபடியும் வெட்டிட்டியளா?"

சம்யுக்தா மூன்று துண்டையும் வெள்ளைக் காகிதத்தில் வைத்துச் சுற்றினாள். ஸ்டாண்டிலிருந்து விரிப்பில் இரண்டும் இறுக்கில் ஒன்றும் எடுத்துக்கொண்டாள். காரில் ஏறுமுன், "சொல்றேன் அக்கா," என்றாள். எதைச் சொல்வாள் என்று நாகவள்ளி கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு டூட்டி. ஒரு கன்டெய்னர் வந்திருந்தது, பெரும்பாலும் குளிர்கால உடுப்பு. பதினொன்றரைக்கு சம்யுக்தாவிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. மூன்று துண்டையும் கண்ணாடிப் பெட்டியில் துண்டாகவே வைக்கப்போவதாகவும், அஜ்மான் கிடங்கில் கிடைத்தது என்று எழுதப்போவதாகவும் சொன்னாள். அந்த வேலைக்குப் பட்டம் படித்தவர் வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம். அதோடு நேற்று நடந்தது வேறு. தான் பேசிப் பார்த்ததாகச் சொன்னாள். நாகவள்ளி அதை இரண்டு தடவை கேட்டாள். அன்று ஒட்டுப் போட்டது நாலு வந்தது, ஒன்று கம்பளி. தனியாக வைக்கப் பெட்டி இல்லை. ஆபீஸில் போய்க் கேட்டாள். ராஸ் அல் கைமாவுக்குப் போனபிறகு பார்க்கலாம், இப்போதைக்கு வைப்பரில் போடச் சொன்னார் செய்கு பாய். அங்கேயே கேன்சல் பேப்பரில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இருபத்தெட்டாம் தேதி, திருச்சி விமானம். மதியம் சாப்பிட்டதும் அண்ணனுக்குப் போன் செய்து தேதியைச் சொன்னாள். அவன் சரி என்றான், யாராவது கூப்பிட வருவார்கள் என்றான். மூன்று மணிக்கு பிரஸ் பழுதாகி நாற்பது நிமிடம் நின்றது. ஆறு மணிக்கு கேம்புக்குத் திரும்ப வேன் வந்தது.